‘சேதமடைந்தது’ என்றால் எப்படி? வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

பாம்பன் பக்கத்து நாட்டுப்படகுக்காரர் ஒருவருக்கு நான் எழுதிக் கொடுத்த மனு மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது. ‘கடலில் தொழில் செய்துகொண்டிருந்தபோது எனது வலைகள் சேதமடைந்தன. உரிய நடவடிக்கை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதியிருந்தேன். ‘சேதமடைந்தன’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி: ‘எப்படி?’

எனக்குக் கோபம். படகுக்கார அண்ணனுக்குச் சிரிப்பு.

“தம்பி, வலை சேதமடையலப்பா. விசைப்படகு அறுத்துட்டுப் போயிருச்சு. நான் உன்கிட்ட அப்படித்தானே சொன்னேன்? நீதான் எழுத்துல வேற மாதிரி ஆக்கிட்டே.”

அவர் வாயிலிருந்து என் பேனாவுக்கு வருவதற்குள் ‘அறுத்துட்டுப் போயிருச்சு’ என்பது ‘சேதமடைந்தன’ ஆகியிருந்தது. எது அறுத்தது, எப்படி நடந்தது, அறுத்தபின் என்ன செய்தது என்ற மூன்றும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. சிவப்பு மைக்காரர் கேட்டதில் தப்பே இல்லை.

தமிழ் வாக்கியம் தன் சுமை முழுவதையும் தூக்கிக்கொண்டு போய்க் கடைசியில் வினைமுற்றில்தான் இறக்கி வைக்கிறது. வாசிப்பவர் அதுவரை பொறுத்திருக்கிறார். அங்கே ‘ஏற்பட்டது’ என்றோ ‘மேற்கொள்ளப்பட்டது’ என்றோ ஒரு சொல் நின்றால், பொறுத்திருந்தது வீண். மனு, செய்தி, கட்டுரை, சமையல் குறிப்பு என எதை எழுதினாலும் இந்தச் சிக்கல் உண்டு. அதைத் தீர்க்க நான் கடைப்பிடிக்கும் முறையைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ராமநாதபுரம் கரையோரத்தவை. எனக்குத் தெரிந்த வினைச்சொற்கள் அங்கேதான் விளைகின்றன.

முதல் படி: வாக்கியங்களின் வாலை மட்டும் வாசியுங்கள்

எழுதும்போதே நல்ல வினைக்காகக் காத்திருக்காதீர்கள், கை நின்றுவிடும். தோன்றியதை எழுதி முடியுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் அடிக்கோடிட்டு, அவற்றை மட்டும் வரிசையாக வாசியுங்கள்.

என் பழைய கட்டுரை ஒன்றில் அப்படிக் கோடு போட்டபோது வந்த வரிசை இது: மேற்கொள்ளப்பட்டது, காணப்படுகிறது, ஈடுபடுகின்றனர், ஏற்பட்டது, நடைபெற்றது. இந்த ஐந்தை மட்டும் கேட்டால் கட்டுரை கடலைப் பற்றியதா, கல்யாண மண்டபத்தைப் பற்றியதா என்று சொல்ல முடியுமா? திருத்திய பிறகு வந்த வரிசை: குளிக்கிறார்கள், உள்வாங்கியது, அரித்தது, ஒதுங்கியது, காய்கின்றன. வேறெதுவும் சொல்லாமலே கரை தெரிகிறது.

‘இரு’, ‘செய்’, ‘பண்ணு’, ‘போடு’, ‘எடு’ ஆகியவையும் இந்தக் கூட்டத்தில் அடிக்கடி தலைகாட்டும். அவற்றை உடனே விரட்ட வேண்டாம். ‘டீசல் போட்டோம்’ என்பது துல்லியமான தமிழ்தான். அதை ‘எரிபொருள் நிரப்பும் பணியை மேற்கொண்டோம்’ என்று மாற்றுவதுதான் கேடு.

இரண்டாம் படி: பெயருக்குள் ஒளிந்த வினையை வெளியே இழுங்கள்

‘ஆய்வு மேற்கொண்டனர்’, ‘பழுதுபார்க்கும் பணியில் ஈடுபட்டனர்’, ‘கடலரிப்பு ஏற்பட்டது’. மூன்றிலும் உண்மையான வினை ஒரு பெயருக்குள் அடைந்து கிடக்கிறது. வாலில் நிற்பது வெறும் முட்டு. முட்டை எடுத்துவிட்டால் மூன்றாவது எளிதாகத் திருந்தும்: ‘கடல் கரையை அரித்தது.’

முதலாவது அவ்வளவு எளிதல்ல. ‘ஆய்ந்தனர்’ என்று சுருக்கினால் நீளம் குறையும், தெளிவு கூடாது. அவர்கள் கையால் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பவளப்பாறைகளை எண்ணினார்களா, நீரின் உப்பை அளந்தார்களா, படகில் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்களா? மூன்றுமே செய்தியில் ‘ஆய்வு மேற்கொண்டனர்’ என்றுதான் வருகின்றன. கடைசியில் சொன்னவர்களுக்கு அந்தச் சொல் மிகவும் வசதி.

பாசியை எடுத்துக்கொள்வோம். ‘மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிப் பெண்கள் கடற்பாசி சேகரிப்பில் ஈடுபடுகின்றனர்.’ இந்த வாக்கியத்தை எத்தனையோ முறை வாசித்திருப்பீர்கள். ‘சேகரிப்பு’ என்ற ஒரு மூட்டைக்குள் கட்டிவைத்திருப்பவை வேறு வேறு வேலைகள். கரையில் ஒதுங்கிய பாசியைப் பொறுக்குவார்கள். பாறையில் வளர்ந்ததை மூச்சடக்கி முங்கி எடுப்பார்கள். அந்த எடுத்தலுக்குள்ளும் பிடுங்குதல் உண்டு, கிள்ளுதல் உண்டு. அடியோடு பிடுங்கினால் அந்த இடம் வெறும் பாறையாகும். நுனியைக் கிள்ளினால் அடி மீண்டும் தழைக்கும். 1986இல் இங்குள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து, பாசி எடுப்பது கடலைக் கெடுக்கிறதா இல்லையா என்ற வாதம் ஓயவில்லை. அந்த வாதத்தில் ‘பிடுங்குகிறார்கள்’ என்று எழுதுகிறவரும் ‘கிள்ளுகிறார்கள்’ என்று எழுதுகிறவரும் எதிரெதிர்க் கட்சியில் நிற்கிறார்கள். ‘சேகரிப்பில் ஈடுபடுகின்றனர்’ என்று எழுதுகிறவர் இரண்டையும் பார்க்கவே இல்லை. மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி வளர்க்கும் பாசி வேறு கதை. அதைக் ‘கட்டி’, ஏறத்தாழ 45 நாளில் ‘அறுக்கிறார்கள்’. அங்கே விவசாயத்தின் வினைகள் கடலுக்குள் இறங்கியிருக்கின்றன.

மூன்றாம் படி: ஆறு கேள்விகள்

வினைச்சொல் தாங்கி வருபவை என்னென்ன என்று நன்னூல் ஒரு கணக்குச் சொல்கிறது: ‘செய்பவன் கருவி நிலம்செயல் காலம் செய்பொருள் ஆறும் தருவது வினையே.’ உரைகாரர்கள் காட்டும் உதாரணம் ‘வனைந்தான்’. அந்த ஒரு சொல்லில் குயவன் இருக்கிறான், சக்கரம் இருக்கிறது, குடம் இருக்கிறது. அதே இடத்தில் ‘செய்தான்’ என்று போட்டுப் பாருங்கள். ஒரு ஆண், இறந்தகாலம். அவ்வளவுதான் மிஞ்சும்.

நான் இதைச் சோதனையாகவே வைத்திருக்கிறேன். ‘பனைத் தொழில் செய்கிறார்’ என்பதற்கு ஆறில் எத்தனை மதிப்பெண்? ‘பாளை சீவுகிறார்’ என்று மாற்றினால் அரிவாளும் மரத்தின் உச்சியும் உள்ளே வந்துவிடுகின்றன. ‘பதநீர் இறக்குகிறார்’ என்றால் உயரமும் கலயமும் தெரிகின்றன. ‘கருப்பட்டி காய்ச்சுகிறார்’ என்றால் அடுப்பும், பெரும்பாலும் அவர் மனைவியும் தெரிகிறார்கள். எல்லா வினையும் ஆறையும் தராது, தரவும் வேண்டாம். ஆனால் இரண்டுக்கும் கீழே போனால் வேறு வினை தேடுங்கள்.

நான்காம் படி: தானாக நடந்ததா, ஒருவர் செய்ததா?

தமிழில் எழுதுகிறவருக்குக் கிடைத்த பெரிய கொடை இது. அதைத்தான் மிக அலட்சியமாகக் கையாள்கிறோம். அறுந்தது – அறுத்தது. கவிழ்ந்தது – கவிழ்த்தது. உடைந்தது – உடைத்தது. ஓர் எழுத்தில் பொறுப்பு இடம் மாறுகிறது.

‘வலை அறுந்தது’ என்றால் வலைக்கு நேர்ந்தது மட்டும் தெரியும். ‘விசைப்படகு வலையை அறுத்தது’ என்றால் செய்தது எது என்று தெரியும். ‘வலை அறுக்கப்பட்டது’ என்றால் செய்தவர் ஒருவர் உண்டு, ஆனால் எழுதியவர் பெயரைச் சொல்லவில்லை. ‘படு’ சேர்ந்த வினைகள் மனுக்களிலும் செய்திகளிலும் மலிந்து கிடப்பதற்கு இந்த மறைப்பு ஒரு காரணம். செய்தவர் யாரென்று தெரியாதபோதும், முக்கியமில்லாதபோதும் அது நேர்மையான வடிவம்தான். தெரிந்தும் ‘அறுக்கப்பட்டது’ என்று எழுதினால் அது பயம், அல்லது சோம்பல்.

அதே மனுவில் இன்னொரு வாக்கியமும் இருந்தது: ‘விசைப்படகு கரைக்கு அருகில் வந்தது.’ 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. ‘வந்தது’ என்ற சொல்லில் அந்த எல்லையே இல்லை. விருந்தாளியும் வருவார். ‘3 கடல் மைலுக்குள் நுழைந்து மடி இழுத்தது’ என்றால் சட்டம் வாக்கியத்துக்குள் வந்து நிற்கும். விசைப்படகு தன் பின்னால் இழுத்துச் செல்லும் பை போன்ற வலைதான் ‘மடி’. வெறுமனே நுழைவதற்கும் மடி இழுப்பதற்கும் உள்ள வேறுபாடு படிக்கிற அதிகாரிக்குத் தெரியும். எழுதுகிற நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதை ஒட்டியே இன்னொன்று. சில வினைகளுக்கு இரண்டு பொருள் உண்டு. சூழல் காப்பாற்றும் என்று நம்பி விட்டுவிடுவோம். ‘பாம்பன் பாலம் திறக்கப்பட்டது’ என்றால் என்ன? 1914இல் நடந்ததும், புதிய பாலத்துக்கு 2025 ஏப்ரல் 6இல் நடந்ததும் திறப்புவிழா. கப்பல் போவதற்காக வழிவிடுவதும் ‘திறப்பு’தான். இரண்டாவதைச் சொல்லும்போது பாலத்தின் அசைவையே எழுதிவிடலாம். பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் கை தூக்குவது போல நிமிர்ந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்தளம் அப்படியே கிடையாக 17 மீட்டர் மேலே ஏறும். ஒன்று நிமிர்ந்தது, மற்றது ஏறுகிறது. ‘திறக்கப்பட்டது’ என்ற சொல்லை விழாவுக்கு விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: அந்த வேலையைச் செய்கிறவரிடம் கேளுங்கள்

அகராதி உதவும். ஆனால் தொழிலின் வினைகள் தொழில் செய்கிறவர் நாக்கில்தான் முதலில் கிடைக்கும். கேட்கும் முறை முக்கியம். ‘இதற்கு என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்டால் அவர்களும் நமக்காகப் புத்தகத்தமிழ் பேசிவிடுவார்கள். ‘அப்புறம் என்ன செய்வீக?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

சமையல் குறிப்புகளில் ‘மீனைச் சுத்தம் செய்து கொள்ளவும்’ என்று ஒரு வரி வரும். மீனே பார்க்காத ஊரில் புதிதாகக் குடித்தனம் வைத்தவருக்கு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. மீன் அரிகிற அக்காவிடம் கேட்டால் வேலை இப்படிப் பிரியும்: செட்டையை வெட்டணும், செதிலைச் சீவணும், செவுளைப் பிய்க்கணும், வயித்தைக் கீறிக் குடலை உருவணும், கல்லுப்பு போட்டு உரசி அலசணும். சாளை என்றால் இதில் பாதி வேண்டாம். கருவாட்டுக்கு என்றால் முதுகோடு பிளந்து உப்பு அடைக்க வேண்டும். ‘சுத்தம் செய்’ என்பதற்குள் இத்தனை கத்தி வீச்சுகள். இத்தனையும் எழுத வேண்டும் என்பதில்லை. வாசிப்பவருக்குத் தெரியாதவற்றை எழுதினால் போதும்.

கரைக்கு வருவதையே பாருங்கள். படகு கரை சேர்ந்தது என்றால் ஓட்டியவர் நினைத்த இடத்துக்கு நல்லபடியாக வந்தது. கரை ஒதுங்கியது என்றால் அதைக் கொண்டுவந்தது காற்றும் நீரோட்டமும். இறந்த ஆமையும் கடற்பசுவும் ஒதுங்கும், ஆளில்லாப் படகும் ஒதுங்கும். தரை தட்டியது என்றால் அடிப்பாகம் மணலில் ஊன்றி நின்றுவிட்டது. ஆழம் குறைந்த பாக் நீரிணைப் பக்கம் இதைக் கேட்கலாம். கரையேற்றினார்கள் என்றால் ஆட்கள் சேர்ந்து இழுத்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில், மராமத்துக்காக விசைப்படகுகளைக் கரையேற்றுவது வழக்கம். கரையைக் கடந்தது என்றால் அது புயல். ‘படகு கரையைக் கடந்தது’ என்று ஒருமுறை அச்சில் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கும் போல.

‘சங்கு குளித்தார்கள்’ என்று நீங்கள் எழுதினால் வெளியூர் ஆசிரியர் ‘சங்கு எடுத்தார்கள்’ என்று திருத்தக்கூடும். விடாதீர்கள். முங்கி எடுப்பதைத்தான் ‘குளி’ என்ற சொல் இங்கே குறிக்கிறது. முத்துக் குளித்த காலத்திலிருந்து வருகிற வினை, கீழக்கரைப் பக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. புரியாது என்று தோன்றினால் முதல் முறை மட்டும் பக்கத்தில் ஒரு விளக்கம் வையுங்கள்: ‘சங்கு குளிப்பவர்கள் ஒரே மூச்சில் முங்கி, தரையைத் தடவி மேலே வருவார்கள்.’

ஆறாம் படி: துணைவினையைக் கவனியுங்கள்

‘நங்கூரக் கயிறு அறுந்தது’ என்பது தகவல். ‘அறுந்துவிட்டது’ என்றால் முடிந்துபோன காரியம், இனி அடுத்ததைப் பார்க்க வேண்டும். ‘அறுந்துபோனது’ என்றால் இழப்பும் கையாலாகாத்தனமும் சேர்கின்றன. ‘அறுந்து கிடக்கிறது’ என்றால் யாரும் இன்னும் கவனிக்கவில்லை. ‘அறுத்துக்கொண்டு போனது’ என்றால் கயிறும் படகோடு போய்விட்டது. ‘அறுத்துவைத்தான்’ என்றால் வேண்டாத வேலை பார்த்தான். ‘அறுத்துத் தொலைத்தான்’ என்றால் சொல்பவரின் எரிச்சல்.

பேசும்போது இவற்றில் நாம் தவறுவதே இல்லை. எழுத உட்கார்ந்ததும் எல்லாவற்றுக்கும் ‘விட்டது’ போடுகிறோம்: சென்றுவிட்டது, வந்துவிட்டது, முடிந்துவிட்டது. ஒரு பத்தியில் மூன்று ‘விடு’ இருந்தால் இரண்டை வெட்டுங்கள். வெட்டியபின் பொருள் குறைகிற இடத்தில் மட்டும் திரும்ப ஒட்டுங்கள்.

ஏழாம் படி: பொதுவினை எங்கே சரி?

இதுவரை சொன்னதைக் கேட்டு ஒவ்வொரு வினையையும் கூர்தீட்டக் கிளம்பினால் வேறொரு தொல்லை வரும். தொல்காப்பியத்திலேயே இதற்கு விதி இருக்கிறது: ‘வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்.’ பல வினைகளுக்குரிய பொருள்களை ஒரு பொதுச்சொல்லால் குறித்தால், அவற்றில் ஒன்றுக்கு மட்டும் பொருந்தும் வினையைச் சேர்க்கக் கூடாது என்பது கருத்து. ‘இயம்’ என்பது எல்லா இசைக்கருவிக்கும் பொது. முழவைக் கொட்டலாம், குழலை ஊதலாம். ஆனால் இயத்தை ‘இயம்பினார்’ என்றுதான் சொல்ல வேண்டும், ‘கொட்டினார்’ என்றால் குழல் வெளியே நிற்கும். அடுக்கிச் சொல்லும்போதும் இதே விதி.

நம் கரையில் இதைப் பொருத்தினால்: ‘நண்டும் இறாலும் சங்கும் குளித்தார்கள்’ என்பது பிழை. நண்டை யாரும் குளிப்பதில்லை. மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் ‘எடுத்தார்கள்’, ‘கொண்டுவந்தார்கள்’ போன்ற பொதுவினைதான் சரி. பொதுவினை தனக்குரிய இடத்தில் துல்லியமானதே.

‘சொன்னார்’ என்பதும் அப்படித்தான். நல்ல வினை வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததால் நவின்றார், பகர்ந்தார், இயம்பினார், மொழிந்தார் என்று வரிக்கு வரி மாற்றுகிறவர்கள் உண்டு. அது அலங்காரம். ‘சொன்னார்’ திரும்பத் திரும்ப வந்தாலும் யாருக்கும் உறுத்தாது. ‘மறுத்தார்’, ‘எச்சரித்தார்’, ‘கெஞ்சினார்’ ஆகியவை உண்மையிலேயே நடந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். ‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதும் முன் இரண்டு முறை யோசியுங்கள். அந்தச் சொல்லில் குற்றம் ஏற்கெனவே நிரூபணமாகிவிட்டது.

எட்டாம் படி: தெரிந்த அளவுக்கு மேல் வினையைக் கூர்தீட்டாதீர்கள்

என் இரண்டாவது மனுவில் நான் நேர் எதிர்த்தவறு செய்யப் பார்த்தேன். ‘விசைப்படகுக்காரர்கள் வேண்டுமென்றே வலையை வெட்டி எறிந்தார்கள்’ என்று எழுதினேன். வாக்கியம் விறுவிறுப்பாக இருந்தது. அண்ணன் தடுத்தார்.

“வெட்டுனதை நான் பாக்கலயே தம்பி. மடி இழுத்துக்கிட்டுக் குறுக்கே போனதைப் பாத்தேன். அவ்வளவுதான்.”

பிறகு அவர் விளக்கியது எனக்குப் பாடம். பாரில் சிக்கினால் வலை அங்கங்கே கிழியும். கடலுக்கடியிலுள்ள பாறைத் திட்டைத்தான் ‘பார்’ என்கிறார்கள். எஞ்சின் விசிறியில் மாட்டினால் சுற்றி முறுகும். மடி இழுத்துப் போனால் கயிறு அறுந்து, வலையும் மிதவையும் சேர்ந்தே காணாமல் போகும். கிழிந்தது, முறுகியது, அறுந்தது என்று சரியான வினையைப் போட்டாலே காரணம் தானாகத் தெரியும்; ‘வேண்டுமென்றே’ என்று நாம் ஊதிப் பெருக்க வேண்டியதில்லை. வெட்டினார்கள் என்றால் கத்தி வேண்டும். கத்தியைப் பார்த்தவர் யாரும் இல்லை.

தனுஷ்கோடியைப் பற்றி எழுதுகிறவர்களும் இங்கே சறுக்குவதைப் பார்க்கலாம். ‘1964 புயலில் தனுஷ்கோடி கடலுக்குள் மூழ்கியது’ என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே இடிந்த தேவாலயச் சுவருக்கு முன் நின்று படம் எடுத்துப் போடுவார்கள். மூழ்கியது என்றால் அந்தச் சுவர் எப்படி நிற்கிறது? டிசம்பர் 22 இரவிலும் அதன் பின்னும் நடந்தவற்றுக்குத் தனித்தனி வினைகள் தேவை. ஊரின் ஒரு பகுதியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை அலை அடித்துச் சென்றது. கட்டடங்கள் இடிந்தன. பிழைத்தவர்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தார்கள். வசிக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. ‘கடல் கொண்டது’ என்பதைக் கவனியுங்கள். பழைய தமிழ் வழக்கு, ஆனாலும் தேய்வில்லாமல் நிற்கிறது.

கடைசிப் படி: யாருடைய கதையோ, அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்

கண்ணுக்குத் தெரியாத பொய் காதுக்குத் தெரியும். அதிலும் அந்த வேலையைச் செய்தவர் காதுக்கு.

மூன்றாவது மனுவை அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். ‘மாலையில் வலை விட்டுவிட்டுப் படகிலேயே காத்திருந்தோம். விசைப்படகு ஒன்று 3 கடல் மைலுக்குள் நுழைந்து, மடி இழுத்தபடி எங்கள் வலைக்குக் குறுக்கே சென்றது. விடியுமுன் வலையை இழுத்தோம். 12 வலைகளில் 5 அறுந்துபோயிருந்தன.’

அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இழுத்தோம்னு போட்டிருக்க.”

“ஆமாண்ணே. இழுக்கலையா?”

“இழுக்கத்தான் கைய வச்சோம். கனமே இல்ல. கயிறு சும்மா கையோட வந்துருச்சு. அப்பவே தெரிஞ்சு போச்சு.”

‘வலையை இழுத்தோம்’ என்பதை அடித்துவிட்டு, ‘இழுக்கக் கை வைத்தோம், கயிறு கனமில்லாமல் கையோடு வந்தது’ என்று எழுதினேன். அவர் ஒருமுறை தலையசைத்துவிட்டு, மேலே வாசி என்றார்.